சின்னத் தீவின் சொந்தக் குரல்

ஆங்கிலத்தில் பாடினால் ஐரோப்பா கேட்கும். தாய்மொழியில் பாடினால் ஊர் மட்டுமே கேட்கும். மால்டாவின் பாப், ராக் இசைக்காரர்களின் தர்மசங்கடம் இது.

ஒரே ஒரு சொல். மால்டா நாட்டு மொழியில் அதற்குப் 'பாடுதல்' என்று பொருள். உச்சரிப்பு: கான்ட். 2025 பிப்ரவரியில் மிரியானா கோன்ட்டே என்ற பாடகி அந்தச் சொல்லையே தலைப்பாக்கிப் பாடி, மால்டாவின் சார்பில் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குத் தேர்வானார். வந்தது வினை. அதே ஓசை ஆங்கிலக் காதுக்கு அச்சிலேற்ற முடியாத வசவு. பிரிட்டனில் போட்டியை ஒளிபரப்பும் பிபிசி ஆட்சேபித்ததாகச் செய்திகள் வந்தன. போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் மார்ச் மாதம் அந்தச் சொல்லை நீக்கச் சொல்லிவிட்டது. பாட்டின் பெயர் 'சர்விங்' என்று மாறியது. மே மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த இறுதிச் சுற்றில் 17வது இடம்.

மிரியானா ஒன்றும் அறியாத பிள்ளை அல்ல. ஆங்கிலக் கொச்சையில் அந்த ஓசைக்குள்ள இரட்டை அர்த்தம் தெரிந்தே விளையாடிய பாட்டு அது. குறும்புக்குக் கிடைத்த குட்டு என்று விட்டுவிடலாம். ஆனால் மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு உறுத்தியது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று மால்டீஸ். அதில் 'பாடுதல்' என்பதற்கான சொல்லை, ஐரோப்பாவின் மிகப் பெரிய பாட்டுப் போட்டியில் பாடக் கூடாது! அப்படியானால் இந்த மனிதர்கள் தங்கள் வீட்டில், தங்கள் மொழியில் என்னதான் பாடுகிறார்கள்? அன்றிரவு தேட ஆரம்பித்தவன், பல வாரங்களுக்கு வேறு எதையும் கேட்கவில்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, மத்தியதரைக் கடலில் மிதக்கும் சில தீவுகள்தான் மால்டா. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426. மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 5.2 லட்சம். திருநெல்வேலி மாநகரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இதிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அந்தக் கணக்கெடுப்பில் இத்தாலியர், பிரிட்டிஷாருக்கு அடுத்தபடியாக இந்தியர்களே அங்கு அதிகமாக இருந்தார்கள். ஆக, மால்டீஸில் ஒரு பாட்டு வெளியாகி, அதை நாட்டில் ஒருவர் விடாமல் கேட்டு ரசித்தாலும் அது ஒரு மாவட்டத் தலைநகரத்து ஹிட்தான்.

மொழி இன்னும் விசித்திரம். வேர் அரபு, எழுத்து ரோமன், சொற்களில் பெரும்பகுதி இத்தாலிய, சிசிலி வரவு, மேல்பூச்சு ஆங்கிலம். மக்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் கடவுளை 'அல்லா' என்றுதான் அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு 'ரந்தான்' என்று பெயர், ரமலானின் திரிபு. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வளர்ந்த ஒருவருக்கு மால்டீஸ் காதல் பாட்டில் சில சொற்கள் சட்டென்று பிடிபடும். நம் முஸ்லிம் வீடுகளில் உள்ளத்தைக் குறிக்கும் 'கல்பு' அங்கே 'அல்ப்'. துன்யா அங்கே 'தின்யா'. கிதாபு அங்கே 'க்தீப்'. 'அல்ப்' என்பதன் முதல் எழுத்தைத் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்து சொல்ல வேண்டும். மெல்லிய மெட்டில் அந்த விக்கல் வரும்போது, இது இத்தாலியப் பாட்டின் நகல் இல்லை என்பது காதுக்கு உறைக்கிறது.

வெளியுலகம் மால்டா இசையை அறிந்ததெல்லாம் யூரோவிஷன் வழியாகத்தான். அந்தக் கதையில் மொழிக்குத்தான் வில்லன் பாத்திரம். 1971இல் மால்டா முதன்முதலாகப் போட்டியில் இறங்கியது. டப்ளின் நகரில் ஜோ கிரெக், மால்டா நாட்டு மரியாளைப் பற்றி மால்டீஸில் பாடினார். கடைசி இடம். மறுவருடம் எடின்பரோவில் ஹெலன், ஜோசப் ஜோடி 'காதல்' என்ற தலைப்பில், மறுபடி மால்டீஸில். மறுபடி கடைசி இடம். சூடுபட்ட பூனை அதற்குப் பிறகு அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. 1975இல் ரெனாட்டோ ஆங்கிலத்தில் பாடி 12வது இடம் பெற்றார். பின்னர் 16 ஆண்டுகள் மால்டா போட்டிக்கே வரவில்லை.

1991இல் திரும்பி வந்தபோது கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்பது அப்போதைய விதி. மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி. 1964 வரை அது பிரிட்டனின் காலனி. ஆகவே பிரிட்டன், அயர்லாந்து தவிர வேறு யாருக்கும் இல்லாத சலுகை இந்தக் குட்டித் தீவுக்குக் கிடைத்தது. பலன் உடனே தெரிந்தது. 1991இல் 6வது இடம். 1992இல் மேரி ஸ்பிட்டேரி 3வது. 1998இல் கியாரா, முதலிடத்துக்கு 7 புள்ளிகள் குறைவாக 3வது. 1999இல் விதி தளர்ந்து எல்லா நாடுகளும் ஆங்கிலத்துக்குப் பாய்ந்தன. அப்போதும் மால்டா சளைக்கவில்லை. 2002இல் ஐரா லோஸ்கோவும், 2005இல் மறுபடி கியாராவும் 2வது இடத்தைப் பிடித்தார்கள். ஆனால் கோப்பை இன்றுவரை கிடைக்கவில்லை. 2006இல் ஃபாப்ரீட்சியோ ஃபானியெல்லோ இறுதிச் சுற்றில் ஒரே ஒரு புள்ளியோடு கடைசியில் நின்றதும் இந்தச் சரித்திரத்தில் சேர்த்திதான்.

ஊரில் இதைக் கிரிக்கெட் மாதிரி பார்க்கிறார்கள் என்றால் மிகையில்லை. திறமையும் இருக்கிறது, சந்தேகமில்லை. ஜூனியர் யூரோவிஷனை 2013இல் காயா கௌச்சியும் 2015இல் டெஸ்டினியும் வென்றார்கள். அதே டெஸ்டினி 2021இல் பெரியவர்கள் போட்டிக்குப் போனார். பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தும் 7வது இடம்தான். அவர் பாடியது ஆங்கிலப் பாட்டு, தலைப்போ பிரெஞ்சு! மால்டாவின் சுவடே அதில் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது. யூரோவிஷனுக்குப் போன மால்டா பாட்டுகளில் பலவற்றைப் பற்றி எனக்குள்ள புகார் இதுதான்.

சரி, ஊர்ப் பாட்டு எது? அதற்குத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பழங்காலத்திலிருந்து வரும் நாட்டுப் பாடலுக்கு அங்கே 'ஆனா' என்று பெயர். எழுதும்போது முன்னால் ஒரு 'கா' ஓசைக்கான எழுத்துகள் உண்டு, சொல்லும்போது மறைந்துவிடும். சென்னைக் கானா உடனே நினைவுக்கு வரும். உறவு கொண்டாட வேண்டாம்: நம்முடையது 'கானம்' வழி வந்தது, அவர்களுடையது அரபு வழி. ஆனாலும் பிறந்த இடத்தில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. காசிமேடு, ராயபுரம் போலவே கப்பல் பட்டறைத் தொழிலாளர்களும் உழவர்களும் வளர்த்த கலை அது. கீச்சுக் குரலில் உச்சத்துக்கு இழுத்துப் பாடும் ஒரு வகைக்குப் போர்ம்லா என்ற துறைமுக ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பொதுத் துறையில் துணி துவைத்த பெண்கள் பாடிய உயரத்தை ஆண்கள் பிடிக்க முயன்றதில் பிறந்தது அந்தப் பாணி என்கிறார்கள்.

இன்னொரு வகை இன்னும் சுவாரசியம். மதுக்கடையில் இரண்டு ஜோடிப் பாடகர்கள் எதிரும் புதிருமாக நிற்பார்கள். மூன்று கிட்டார்கள். ஒருவர் நாலடியில் ஒரு குத்தல் பாட, எதிராளி அதே மெட்டில் அந்த இடத்திலேயே கட்டிப் பதிலடி தர வேண்டும். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இயைபு தப்பக் கூடாது. ஒரு மணி நேரம்கூட நீளும். தஞ்சை ஜில்லா லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய மோதியதைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காமனுக்குப் பதிலாக இங்கே எதிராளியின் மானம் எரிகிறது. இந்தப் போட்டியின் தனிப்பெரும் கலைஞர் 'இல்புதாய்' என்று பெயர் பெற்ற ஃப்ரான்ஸ் பால்டாக்கினோ, 2006இல் மறைந்தார். 2021இல் யுனெஸ்கோ 'ஆனா'வை மானுடத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. ஜூன் 29 அன்று புஸ்கெட் தோப்பில் நடக்கும் இம்னார்யா திருவிழாவில் முயல் குழம்பும் ஒயினுமாக இதைக் கேட்பது ஊர் வழக்கம்.

படித்த மால்டாக்காரர்கள் வெகுகாலம் இதை முகம் சுளித்துத்தான் பார்த்தார்கள். மேட்டுக்குடிக்கு இத்தாலிய இசை, அலுவலகத்துக்கு ஆங்கிலம். மால்டீஸ் சமையலறையோடு சரி. 1934இல்தான் அது ஆட்சிமொழியே ஆனது. அதற்குச் சற்று முன்பே, 1931-32இல், ஹெச்.எம்.வி. கம்பெனி மால்டாக் கலைஞர்களை மிலானுக்கும் டூனிஸுக்கும் வரவழைத்துக் கிராமபோன் தட்டுகள் பதிவு செய்தது. நம் நாடக நடிகர்களின் குரல்களைச் சுருட்டிய அதே நாய் படக் கம்பெனிதான்! அந்தத் தட்டுகள் பிறகு காணாமலே போயின. ஆண்ட்ரூ அலமாங்கோ என்ற இசைக்கலைஞர் அவற்றைத் தேடிச் சேகரித்து 2010இல் வெளியிட்டார். வெளியிட்ட கம்பெனியின் பெயர் ஃபில்ஃப்லா. ஆளில்லாத ஒரு குட்டித் தீவின் பெயர் அது. பிரிட்டிஷ் கடற்படை குண்டு வீசிப் பழகிய இடம். சிறிய நாட்டுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கூடுதல் போலும்.

அந்தக் கடற்படைதான் இன்னொரு பக்கம் பாப் இசைக்கும் பள்ளிக்கூடம். தலைநகர் வலெட்டாவில் ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு சந்து. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் எட்டிவிடும் போலிருக்கும். கரையிறங்கிய மாலுமிகளுக்காக அங்கே வரிசையாக மதுக்கடைகள், நடனக் கூடங்கள். உள்ளூர் வாத்தியக்காரர்கள் ஜாஸும் பிறகு ராக் அண்ட் ரோலும் கற்றது அங்கேதான். வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் பேண்டு வாத்திய சங்கம், சில ஊர்களில் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு இரண்டு. தேவாலயத் திருவிழாவில் யார் வாணவேடிக்கை பெரிது என்று அடித்துக்கொள்ளும் அந்தச் சங்கங்கள்தான் பையன்களுக்கு டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சொல்லித் தந்தன. 1979 மார்ச் 31 அன்று கடைசி பிரிட்டிஷ் படை வெளியேறியது. ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட் இருண்டது. வலெட்டா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2018ஐ ஒட்டித்தான் மறுபடி அங்கே விளக்கெரிந்தது.

மால்டீஸ் பாப் என்று கேட்கத் தொடங்குபவர்கள் ஃப்ரெடி போர்ட்டெல்லியிடமிருந்து தொடங்கலாம். 1960களில் 'பிளாக் டிரெயின்' குழுவோடு பாடியவர். ஊரில் 'மால்டாவின் எல்விஸ்' என்றே பெயர். ஆனால் அவருடைய புகழ் பெற்ற பாட்டு ஆங்கிலத்தில் இல்லை. 'முர் ஹல்லினி': போ, என்னை விட்டுவிடு. எல்விஸின் இடுப்பும் இத்தாலியின் ஏக்கமும் மால்டீஸ் வாயில் கச்சிதமாகப் பொருந்தியது அப்போதுதான். கால்பந்து மைதானத்தில் ஊரே பாடும் 'விவா மால்டா'வும் அவர் பாடியதுதான். 1976இல் மால்டீஸ் பாடல்களுக்கென்றே 'மக்கள் பாட்டு' என்ற பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. 1991இல் தனியார் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது. தொழிற்கட்சிக்கு ஒரு வானொலி, தேசியக் கட்சிக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று. கட்சிக்கொரு சேனல் என்பதைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ராக் பக்கம் நிலைமை வேறு. 1990களில் கிட்டார் தூக்கிய இளைஞர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தையே நம்பினார்கள். அலிசன் கலேயா பாடும் பீன்குரோவர்ஸ் அந்தத் தலைமுறையின் நல்ல குழு. வின்டர் மூட்ஸ் ஊர்க் கூட்டத்தின் செல்லக் குழு. 1991இல் தொடங்கிய பிஹெடட், டெத் மெட்டல் ரசிகர்கள் நாடு தாண்டியும் அறிந்த பெயர். 2009 முதல் இந்தக் குட்டித் தீவில் டூம் மெட்டலுக்கென்றே ஒரு விழா! வெயிலும் கடலுமாகக் கிடக்கும் ஊரில் இவ்வளவு இருட்டான இசை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆகஸ்ட் மாதச் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியலாம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பிரிக்கூனி. பெயருக்கு 'போக்கிரிகள்' என்று அர்த்தம். மாரியோ வெல்லாவின் கரகரத்த குரல், ஊர்த் திருவிழா பேண்டிலிருந்து தப்பி வந்தது போன்ற பித்தளை வாத்தியங்கள், வார்த்தைக்கு வார்த்தை நக்கல். 2008இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'குந்த்ரபாண்டா', அதாவது கடத்தல் சரக்கு. சரியான பெயர். ஏனென்றால் அது நாள் வரை மால்டீஸில் பாடினால் தேசபக்தி, காதல், மாதா துதி என்று ஒரு சுத்தபத்தம் எதிர்பார்க்கப்பட்டது. இவர்கள் தெருவில் பேசும் மொழியை, அதன் அழுக்கோடு, மேடைக்குக் கடத்திக் கொண்டுவந்தார்கள். தம் ஊரின் பாசாங்குகளைத் தம் ஊர்க்காரனுக்கு மட்டும் புரிகிற மொழியில் திட்டுவதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. வெளியூர்க்காரன் என்ன நினைப்பானோ என்ற கவலை இல்லை. ராப் பாடகர் ஹூலிகன், 'என்னைப் போல் ஒரிஜினல்' என்ற பொருள் தரும் பாட்டில், மால்டீஸின் தொண்டை ஒலிகள் ராப்புக்கென்றே பிறந்தவை என்று நிரூபித்தார்.

இவர்களுக்கு நேரெதிர் த டிராவலர்ஸ். கோசோ தீவுக்காரர்கள். மால்டாவின் தங்கைத் தீவு அது, 67 சதுர கிலோமீட்டர், படகில் 25 நிமிடம். மாநகரத்தார் கேலி செய்யும் கிராமத்து ஊர். அங்கிருந்து வந்த இந்தக் குழு கோபமில்லாமல், இடக்கில்லாமல், மால்டீஸில் குதூகலமான பாப் பாடுகிறது. 'எல்லோரும் சேர்ந்து' என்று ஒரு பாட்டின் தலைப்பு, 'எளிமை' என்று இன்னொன்று. பெரிய கவித்துவமெல்லாம் இல்லை. ஆனால் மேடையில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பும்போது, பதினெட்டு வயசுப் பிள்ளைகள் தாய்மொழியில் கத்திப் பாடுவதைக் காட்டும் பதிவுகளைப் பார்த்தேன். முந்தைய தலைமுறை ராக் கச்சேரிகளில் இது அபூர்வம்.

அரசும் காற்று திரும்புவதைக் கவனித்திருக்கிறது. 2021இல் 'முசிக்கா முசிக்கா' என்ற விழா தொடங்கியது. முழு இசைக்குழுவோடு, மால்டீஸ் பாட்டுகள் மட்டும். 2022 யூரோவிஷன் தேர்வில் ஒரு வேடிக்கை. ஏய்டன் என்ற இளைஞர் மால்டீஸ் கலந்து பாடிய 'ரித்மு' 2வது இடம். வென்றது எம்மா மஸ்கட்டின் ஆங்கிலப் பாட்டு. வென்ற பாட்டையும் மாற்றி வேறொரு ஆங்கிலப் பாட்டை இத்தாலிக்கு எடுத்துப் போனார்கள், அரையிறுதியைத் தாண்டவில்லை. ஊரில் ஹிட்டானது 'ரித்மு'தான்.

அதற்காக மால்டீஸ் வென்றுவிட்டது என்று சங்கு ஊதிவிட முடியாது. கணக்கு இடிக்கிறது. 2024இல் மட்டும் 35 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்து போனார்கள், மக்கள்தொகையைப் போல் ஆறு மடங்குக்கு மேல். ஓட்டல்காரர்களுக்கு வேண்டியது அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டு. சொந்தப் பாட்டு எழுதுகிறவனைவிட அடுத்தவன் பாட்டை அச்சுப்பிசகாமல் பாடுகிறவனுக்கு வேலை நிச்சயம். வலெட்டாவை ஒட்டிய ஃப்ளோரியானாவில், தானியக் கிடங்குகளின் கல்மூடிகள் பதித்த பெரிய சதுக்கத்தில், 2007இலிருந்து எம்டிவி இலவசத் திருவிழா நடத்தியது. 2009இல் லேடி காகா வந்து பாடினார். கூட்டம் கடலாகத் திரண்டது. அதே கூட்டம் மறுநாள் உள்ளூர்க் குழுவின் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குமா என்பது வேறு விஷயம். இசையை மட்டும் நம்பி அங்கே குடும்பம் நடத்துவது கடினம். பாடுகிறவர்களில் பலருக்குப் பகலில் வேறு உத்தியோகம்.

இன்னொரு அபாயம் சத்தமில்லாதது. கணினி உலகில் தாக்குப்பிடிக்காமல் போகக்கூடிய ஐரோப்பிய மொழிகளை 2012இல் மெட்டா-நெட் ஆய்வு பட்டியலிட்டபோது, மிக ஆபத்தான நிலையில் இருந்த நான்கில் மால்டீஸும் ஒன்று. மற்றவை ஐஸ்லாந்திக், லாட்விய, லித்துவேனிய மொழிகள். சாதாரண விசைப்பலகையில் மால்டீஸுக்கே உரிய சில எழுத்துகள் கிடையாது. புள்ளி வைத்த எழுத்துகள் மூன்று, குறுக்குக்கோடு போட்ட 'ஹெச்' ஒன்று. அவசரத்துக்குப் பலரும் புள்ளியை விட்டுவிட்டு அடிக்கிறார்கள். பாட்டுத் தலைப்புகளும் அப்படியே இரண்டு விதமாக வலம் வருகின்றன. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு என்று 1990களில் தமிழ்க் கணினியில் தவித்தவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது.

எனவே தேடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாட்டுச் செயலியில் த டிராவலர்ஸ் பெயரைப் போட்டால் அதே பெயரில் வேறு நாட்டுக் குழுக்கள் முந்திக்கொண்டு வரும். கூடவே பாட்டுத் தலைப்பையும் போட வேண்டும். பிரிக்கூனிக்கு அந்தத் தொல்லை இல்லை, பெயரிலேயே காப்புரிமை. ஹெச்சின் குறுக்குக்கோட்டை விட்டுவிட்டு 'ஆனா'வைத் தேடினால், மால்டாவுக்குப் பதில் ஆப்பிரிக்காவின் கானா நாடு வந்து நிற்கும், தன் ஹைலைஃப் இசைக்குழுக்கள் சகிதம். முதல் நாள் நானும் அங்கேதான் போய் இறங்கினேன். அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் இடம் மாறியது தெரிந்தது. அதுவும் நல்ல இசைதான்.